மூணாவது ஊசி

உக்காருங்க அம்மிணி. அந்தப் பைய இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். முட்டிக்குத்தானுங்க? வாசப்படி ஏறி வாரதப் பாத்ததுமே தெரிஞ்சுது. மொத தடவயா? பயப்படாதீங்க. உங்களுக்கு முன்னால ஒம்பது பேர் இருக்கறாங்க, நான் டோக்கன எட்டிப் பாத்துட்டேன். என்ற பையன் காரு நிறுத்த எடம் தேடிப் போயிருக்கறான். இந்த ரோட்டுல எடம் கெடைக்க அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் சித்தெ பழமை பேசிட்டு இருக்கலாம்.

ரத்த ஊசின்னதும் என்னமோ ஏதோன்னு நெனைச்சுக்காதீங்க. அடுத்தவங்க ரத்தமில்ல, நம்ம ரத்தமேதான். டெஸ்டுக்கு எடுக்கற மாதிரி கையில எடுப்பாங்க, கொஞ்சம் கூடுதலா. அத ஒரு மெசின்ல வெச்சு சுத்துவாங்க. செவப்பு அடியில தங்கிக்கும், மஞ்சளா மேல தெளிஞ்சு நிக்கும். அந்த மஞ்சள்லதான் புண்ணு ஆத்தற சத்து இருக்குதாம். அத எடுத்து முட்டிக்குள்ள போடறாங்க. கடுக்குமான்னா, கடுக்கும். பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே கடுக்கும். ரெண்டு மூணு நாளைக்கு வீங்கிக் கெடக்கும். அப்ப வலி மாத்திரயத் தேடி ஓடாதீங்க. டாக்டர் எழுதிக் குடுத்ததத் தவிர ஒண்ணும் போடக்கூடாது. வீக்கத்த அமுக்கிப்போட்டா ஊசி போட்டதே வீணுங்கறாங்க. மாசக்கணக்குல எடைவெளி விட்டு, மொத்தம் மூணு. எல்லாருக்கும் கேக்கும்னு டாக்டரே சொல்றதில்ல. தேய்மானம் முத்தாம இருந்தா கேக்கலாம்னுதான் சொன்னாரு. எனக்கு ரெண்டு போட்டாச்சு. இன்னைக்கு மூணாவது.

நானும் நர்சுதானுங்க. கிராம சுகாதார நர்சு. கவுந்தப்பாடிப் பக்கம் முப்பத்திரண்டு வருசம். துளசிமணின்னு பேரச் சொன்னா அங்க ஆருக்கும் தெரியாது, நர்சம்மான்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல பூ விக்கறவ கூட எந்திரிச்சு வந்து ஊட்டக் காட்டுவா. நான் போட்ட ஊசிக்குக் கணக்கு வழக்கே கெடையாது. என்ற கையில பொறந்த புள்ளைக இப்ப அவங்க புள்ளைகளக் கூட்டிட்டு வந்து காட்டறாங்க. ரிட்டையர் ஆகி எட்டு வருசமாச்சு. இன்னும் காலையில நாலு பேராவது பிரசர் பாக்க வந்துருவாங்க.

எனக்கு ஒரு குணமுங்க. மனசுல ஒண்ணு வெச்சுட்டு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. கலெக்டரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடுவேன். என்கிட்ட ஒருத்தரும் பொய் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. புள்ளத்தாச்சிகளுக்கு இரும்புச் சத்து மாத்திர குடுப்போம் பாருங்க, "தின்னியா கண்ணு"ன்னா, "தின்னுட்டனுங் நர்சம்மா"ம்பாங்க. நான் கீழ்க்கண்ண எறக்கிப் பாப்பேன். வெளுத்துக் கெடக்கும். நேரா அவங்க மாட்டுக் கொட்டாய்க்குப் போய் கூரை எரவாணத்துல கைய உடுவேன். அத்தன மாத்திரயும் அங்க சொருகியிருக்கும்! விடுவனா? "என்னைய ஏமாத்தறதா நெனைச்சு உன்னையே ஏமாத்திக்கறயே"ன்னு ஊரக் கூட்டி வெச்சுத் திட்டிப்போட்டுத்தான் வருவேன்.

அதை விடுங்க. முட்டிக்கு வாரேன்.

வலது முட்டிதானுங்க மொதல்ல போச்சு. சைக்கிள்லயும் நடையிலயும் சுத்துன காலு. போன வருசம் ஐப்பசியில புடிச்சுது. தைலம், ஒத்தடம், கட்டு, ஒண்ணும் பாக்கி இல்ல. எந்திரிச்சா உக்கார முடியாது, உக்காந்தா எந்திரிக்க முடியாது. அப்பத்தான் என்ற புள்ள போன்ல இந்த ஊசியப் பத்திச் சொன்னா. சுகுணான்னு பேரு. ஆஸ்திரேலியாவுல, மெல்போர்ன்ல இருக்கறா. மாப்பிள்ளையும் அவளும் கம்ப்யூட்டர் வேலை. மூத்தது பொண்ணு, இனியான்னு, ஆறு வயசு. இப்ப ரெண்டாவது உண்டாகியிருக்கறா. ஐப்பசியில பிரசவம். "அம்மா, நீ நடந்தாத்தான் எனக்குப் பிரசவம்"னு சொல்லிட்டா. அவ தம்பிகிட்டப் பேசி, அவளே டாக்டரத் தேடி, அவளே நாள் குறிச்சா. அவ்வளவு பாசம்.

போறதுக்கு எனக்கென்ன கசக்குதா? பேரப்புள்ளயப் பாக்க ஆருக்காவது கசக்குமா சொல்லுங்க. மூத்தவ பொறந்தப்பவும் நாந்தான் போனேன். ஏழு மாசம் இருந்தேன். ஒரு கொறை கெடையாதுங்க. எனக்குன்னு தனி ரூம்பு. போர்வையில கூட கரண்டு ஓடும், சூடா இருக்கும். அரிசி, பருப்பு, கருவேப்பல எல்லாங் கெடைக்குது. அவங்க காலையில ஏழரைக்குக் கெளம்புனா பொழுதோட ஆறரைக்கு வருவாங்க. நானும் கொழந்தையுந்தான். சத்தமே இருக்காதுங்க அந்த ஊர்ல. நாய் குலைக்காது. காய்காரன் கத்த மாட்டான். பத்தரை மணிக்குத் தபால்காரன் ஒருத்தன் சின்ன வண்டியில வருவான். நான் சன்னல்ல நிப்பேன். அவன் கையத் தூக்கிக் காட்டுவான், நானும் காட்டுவேன். சனி ஞாயிறு அவன் வர மாட்டான்.

ஒரு நாளுங்க, குப்பைத் தொட்டிய வெளிய தள்ளி வெக்கலாம்னு கதவத் தொறந்துட்டுப் போனேன். பின்னால கதவு தானாச் சாத்திக்கிச்சு. அங்க கதவு சாத்துனா பூட்டிக்கும், எனக்குத் தெரியாது. கொழந்த உள்ள தூங்குது. நான் வெளிய, செருப்பில்லாம, குளுருல. சன்னல் வழியாத் தொட்டில் தெரியுது, கைதான் எட்டல. முழிச்சு அழுக ஆரம்பிச்சுட்டா. நான் கண்ணாடியத் தட்டித் தட்டித் தாலாட்டுப் பாடறேன். எதுத்த ஊட்டு வெள்ளக்காரம்மா வந்து என்னமோ கேக்கறா, எனக்கு ஒண்ணும் புரியல. அவதான் போன் பண்ணுனா. சுகுணா வந்து சேர முக்கா மணி நேரம் ஆச்சு. கொழந்தய எடுத்து மார்ல போட்டுட்டு அழுதா. என்னைய ஒரு வார்த்தை திட்டலைங்க. "இனிமே நீ கதவே தொறக்க வேண்டாம்மா"ன்னு மட்டும் சொன்னா. எனக்கு ஒரு சாவி குடுத்துரு கண்ணுன்னேன். "உனக்கெதுக்கும்மா சாவி, நீதான் எங்கயும் போறதில்லயே"ன்னா. அதுவும் நாயந்தானுங்களே. அதுக்கப்பறம் நாலு மாசம் நான் அந்தக் கதவத் தொடவே இல்ல.

கொறை சொல்லலைங்க. நடந்ததச் சொல்றேன்.

எங்க விட்டேன்? ஆங், ஊசி. மொத ஊசி சித்திரையில. பெருசா ஒண்ணும் தெரியல. ரெண்டாவது வைகாசியில போட்டு மூணு வாரம் போயிருக்கும், ஒரு நாள் விடியக்காலம் எந்திரிச்சு அடுப்புக்குப் போயிப் பால வெச்சதுக்கப்பறந்தான் நெனப்பு வந்துது, அட, செவுத்தப் புடிக்காம வந்துட்டமேன்னு. எனக்கு நம்பிக்கை வரல. பக்கத்தூட்டு ராசாமணி அக்காளக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் பஸ் ஏறி கோபி போயி பச்சமலைக் கோயில் படி முழுசும் ஏறுனோம். முருகன் சாட்சியாச் சொல்றேன், எறங்கும்போதுகூட ஒரு சுருக்கு இல்ல. எறங்குறதுதானுங்க முட்டிக்குப் பரிச்ச. வார வழியில ரெண்டு பேரும் பேக்கரில உக்காந்து தேங்கா பன் தின்னோம். ராசாமணி அக்கா, "நர்சு, இனி உன்னையப் புடிக்க ஆளில்ல"ன்னா. அன்னைக்கு மாதிரி நான் சந்தோசமா இருந்து நெம்ப வருசம் ஆச்சு.

ஊட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, போன் அடிக்குது. சுகுணா. மூஞ்சி தெரியற போன். "அம்மா, உனக்கு ரூம்பு ரெடி பாரு"ன்னு போனத் திருப்பிக் காட்டறா. அதே ரூம்பு. அதே சன்னல். பக்கத்துல தொட்டில் போட எடம் விட்டிருக்கறா. "இந்தத் தடவ ஒரு வருசம் இருக்கற மாதிரி விசா போடறோம்மா. கால் எப்படியிருக்குது?"ன்னா.

நல்லாயிருச்சு கண்ணுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமா. "இன்னும் புடிச்சுட்டுத்தான் இருக்குது சாமி"ன்னு வந்துருச்சு.

பொய்யின்னு சொல்லாதீங்க. முட்டின்னா கொஞ்சம் புடிக்கத்தான் செய்யும். அறுபத்தாறு வயசு முட்டி.

செரி, ஒரு தடவ சொல்லியாச்சு. அப்பறம் பையன் வந்து நிக்கும்போது கையக் காலத் தூக்கி ஆடவா முடியும்? கொஞ்சம் இழுத்து நடந்தேன். அவ்வளவுதான். நெம்ப இல்ல, கொஞ்சந்தான். பூபதின்னு பேரு என்ற பையனுக்கு. தங்கமான பையன். அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? "இந்தக் கால வெச்சுட்டு நீ தனியா இருக்கக்கூடாதும்மா"ன்னு சொல்லி, என்ற ஊட்டப் பூட்டி, சாவிய அவன் சட்டப் பையில போட்டு, என்னையக் காருல ஏத்தி இங்க கோயமுத்தூருக்குக் கூட்டியாந்துட்டான். சரவணம்பட்டியில அவன் ஊடு. ஏழாவது மாடி. ஆனி மாசம் வந்தவ, இப்ப ஆவணி.

அங்கயும் ஒரு கொறை கெடையாது. மருமக வினோதினி தண்ணியக்கூட எந்திரிச்சு எடுக்க விட மாட்டா. "கால் வலியோட எதுக்குங்கத்தே"ன்னு சோத்தக் கட்டிலுக்கே கொண்டாருவா. கீழ பார்க்கு இருக்குது. வயசானவங்க எல்லாம் பொழுதோட சுத்திச் சுத்தி நடக்கறாங்க. பால்கனில நின்னு பாப்பேன். எனக்கும் கால் துறுதுறுங்கும். ஆனா நான் கீழ போயி நடந்தா மேல இருந்து தெரிஞ்சுருமே? அதனால போறதில்ல. அவங்க ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போனப்பறம் ஹால்ல இருந்து சமையக்கட்டு வரைக்கும், சமையக்கட்டுல இருந்து ஹால் வரைக்கும். அம்பது தடவ. பதினோரு மணிக்கு வேலைக்காரப் புள்ள வந்துரும். மணி அடிச்சதும் கட்டிலுக்குப் போயிக் கால நீட்டிக்குவேன்.

ஏனுங்க சிரிக்கறீங்க? சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்புத்தான் வருது சில நாளு.

ராசாமணி அக்கா வாரம் ஒருக்கா போன் பண்ணுவா. "நர்சு, பிரசர் பாக்க ஆளுக வந்து பூட்டப் பாத்துட்டுப் போறாங்க, எப்ப வாரே?"ம்பா. வாரேன் வாரேன்னு சொல்லுவேன். என்னன்னு சொல்றது? கால் நல்லாயிருச்சுன்னா மெல்போர்னுக்குத் தாட்டி உட்ருவாங்க. நல்லாகலைன்னா ஏழாவது மாடி. கவுந்தப்பாடிக்குப் போறதுக்கு எந்தக் கால வெச்சுட்டு நான் நடக்கறது? நீங்களே சொல்லுங்க.

இதுல இன்னொரு கூத்தக் கேளுங்க. ரெண்டு மாசமா வலது கால இழுத்து இழுத்து, பாரத்தப் பூரா இடது கால்ல போட்டு நடந்தனா, இப்ப இடது முட்டி நெசமாவே போயிருச்சு. ராத்திரியில திரும்பிப் படுக்க முடியல. ஏறி எறங்கறப்ப கறக்கறக்குங்குது. அதை ஆருகிட்டச் சொல்ல? சொன்னா அதுக்கும் மூணு ஊசி போட்டு ரெண்டு காலையும் நல்லாக்கி ஏத்தி உட்ருவாங்க. அதனால அதைப் பத்தி நான் மூச்சு விடல.

போன வாரம் இந்த டாக்டர் என்ற வலது கால மடக்கி நீட்டிப் பாத்தாரு. "நல்லா மடங்குதேம்மா, வீக்கமும் இல்ல. பத்துக்கு எத்தன வலி?"ன்னாரு. ஏழுன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, பையனப் பாத்தாரு. "வேணும்னா மூணாவது ஊசியக் கொஞ்சம் தள்ளிப்போட்டுப் பாக்கலாமா?"ன்னாரு. நாந்தான் வேண்டாஞ் சாமி, போட்டுருங்கன்னேன். தள்ளிப்போட்டா நல்லாயிருச்சுன்னுல்ல எழுதிப்போடுவாரு.

அத்தோட முடிஞ்சுதுன்னு பாத்தா, நேத்துப் பொழுதோட பையன் ஆபீஸ்ல இருந்து வந்து பக்கத்துல உக்காந்தான். நெம்பக் குசியா இருந்தான். "அம்மா, இனி நீ கால நெனச்சுக் கவலையே படாத. டிக்கெட்டுப் போட்டாச்சு, புரட்டாசி கடைசியில. ஏர்போர்ட்டுல சக்கர நாற்காலி சொல்லிட்டேன். இங்க ஏறுனா அங்க அக்கா கார் வரைக்கும் தள்ளிட்டே போயிருவாங்க. நீ ஒரு அடி நடக்க வேண்டாம். அங்க போயும் உக்காந்த எடத்துலயே கொழந்தய மடியில வெச்சுட்டா போதும்னு அக்கா சொல்லிட்டா"ன்னான்.

எனக்குக் காது அடச்சுப்போச்சுங்க. இத்தன நாளு இழுத்து இழுத்து நடந்தது எதுக்கு? நடக்கவே முடியாதவளையும் கொண்டுபோக வண்டி வெச்சிருக்கறானுகளே!

அவன் என்ற மூஞ்சியப் பாத்துட்டான். அப்பறம் என்ற கையப் புடிச்சுட்டு, "அம்மா, நெசமாச் சொல்லு. உனக்குப் போக இஷ்டமில்லயா? இல்லீன்னா சொல்லிரு. நான் அக்காகிட்டப் பேசிக்கறேன். அங்க ஆள் வெச்சுக்கலாம். உன்னையக் கவுந்தப்பாடியிலயே கொண்டுபோய் விட்டர்றேன். ஒண்ணும் தப்பில்லம்மா"ன்னான்.

ஆமாங்க. அப்படியேதான் கேட்டான், வார்த்தை மாறாம.

நான் என்ன சொல்லோணும்? பெத்தவ என்னங்க சொல்ல முடியும்? தலப்பிரசவத்துக்குப் போனவ ரெண்டாவதுக்கு வேண்டாம்பாளா? அவ அங்க வயித்தத் தள்ளிட்டுத் தனியா நிக்கறா. ஊரான் புள்ளைகளுக்கெல்லாம் ராத்திரி பகல் பாக்காம ஓடிப் பிரசவம் பாத்தவ, பெத்த புள்ளைக்கு வர மாட்டேன்னுட்டான்னு ஒறம்பரைச் சனம் பேசாதா? எனக்கு அப்படியொரு கோவம் வந்துருச்சு. "பெத்த தாயிகிட்டக் கேக்கற கேள்வியாடா இது? நான் எப்பவாவது வரலைன்னு சொன்னனா? கால்தான் சதி பண்ணுதே ஒழிய நான் பறந்துட்டல்ல இருக்கறேன்! இன்னொருக்கா இப்படிக் கேட்டீன்னா பாரு"ன்னு போட்டேன் ஒரு போடு. பாவம், அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. "தப்புத்தாம்மா, மன்னிச்சுரு, இனி கேக்கவே மாட்டேன்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். கேக்கவும் மாட்டான். சொன்னாச் சொன்னதுதான் அவன். அப்பவே போனப் போட்டு, "அம்மா நெம்ப ஆசையா இருக்கறாங்க"ன்னு அவன் அக்காகிட்டச் சொல்லிட்டான். அங்கிருந்து அவ அழுகறா, சந்தோசத்துல. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவந்தான் கேட்டானே, சொல்லியிருக்கலாமேன்னுதான? உங்களுக்கு எத்தன புள்ளைக? ஒண்ணா? கட்டிக் குடுத்தாச்சா? இன்னும் இல்லயா? அப்ப இப்பத் தெரியாது அம்மிணி. வரட்டும், அப்பப் பாக்கலாம்.

அது பாருங்க, கேக்கறவங்க கேக்கலாம். கேட்டா சொல்லிர முடியுமா? அவங்களா புரிஞ்சுட்டு, "அம்மா வர வேண்டாம், அவங்க ஊர்லயே இருக்கட்டும்"னு அவங்களா சொல்லோணும். அதத்தான் நான் ஆனி மாசத்துல இருந்து பாத்துட்டு இருக்கறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

துளசிமணியா? நாந்தான் கண்ணு, வாரேன். வலது காலுதான், சீட்டுலயே போட்டிருக்கும் பாரு. மெசின்ல சுத்தறதுக்கு மொதல்ல ரத்தம் எடுக்கோணுமல்ல, வாரேன், வாரேன்.

இந்தாங்க உங்க பை. சித்தெ கையக் குடுங்க அம்மிணி, எந்திரிச்சுக்கறேன். அந்தப் பக்கமில்லைங்க. ஊசி வலதுலதான் போடறாங்க, நீங்க இடது பக்கமாத் தாங்கிப் புடிங்க. அப்படித்தான். அம்மா... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.

அதா, கதவுகிட்ட நீலச் சட்ட போட்டுட்டு வாரான் பாருங்க, அவந்தான் பூபதி. இவ்வளவு நேரம் என்ன பேசுனீங்கன்னு கேப்பான். ஊசியப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்னு சொல்லுங்க. பொய்யில்லையே.